இரேனா செண்ட்லரின் வாழ்க்கையைப் பிழையில்லாமல் எழுத

இரண்டாம் உலகப் போரின்போது யூதக் குழந்தைகளைக் காப்பாற்றிய போலந்துப் பெண் இரேனா செண்ட்லரைப் பற்றி பள்ளிக் கண்காட்சிக்கோ இதழுக்கோ எழுத உட்காருபவர்கள் முதலில் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். தேதி, நடந்தது, செய்தவர் யார். முதல் இரண்டும் எளிதில் நிரம்பிவிடும். மூன்றாவதில்தான் பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குகின்றன. அவரோடு உயிரைப் பணயம் வைத்த பெண்களின் பெயர்கள் அங்கேதான் காணாமல் போகின்றன.

பெயரிலிருந்து தொடங்குங்கள். போலந்து மொழி ஆவணங்களில் அவர் செண்ட்லெரோவா. ‘ஓவா’ என்பது திருமணமான பெண்ணின் குடும்பப் பெயரில் வரும் விகுதி. இரண்டு பெயரிலும் தேடாவிட்டால் பாதித் தகவல் கைக்கு வராது. ‘ஜொலான்டா’ அவருடைய ரகசியப் பெயர். அதை வேறொரு பெண் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

அடுத்து தேதிகள். 1910 பிப்ரவரி 15-ல் வார்சாவில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்து ஊரான ஓட்வோட்ஸ்கில். அதனால்தான் பலர் பிறந்த ஊரை மாற்றி எழுதிவிடுகிறார்கள். மருத்துவரான தந்தை 1917-ல் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். போர் வந்தபோது இரேனா வார்சா நகராட்சியின் சமூக நலத்துறை ஊழியர்.

இங்கே ஒரு பெரிய பிழை காத்திருக்கிறது. யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ மூடப்பட்டது 1940 நவம்பரில். அங்கிருந்து மக்களைக் கூட்டம் கூட்டமாக ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ஏற்றிச் சென்றது 1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் வரை. ‘ஜெகோட்டா’ என்ற ரகசிய உதவிக் குழு உருவானது அதற்கும் பிறகு, 1942 டிசம்பரில். அதன் குழந்தைகள் பிரிவுக்கு இரேனா தலைமை ஏற்றது 1943-ல். ஆகவே ‘ஜெகோட்டா அனுப்பி அவர் கெட்டோவுக்குள் போனார்’ என்று எழுதினால் வரிசையே தலைகீழாகிவிடும். அவரும் நலத்துறைத் தோழிகளும் அதற்கு வெகு முன்பே போலிப் பெயர்களில் உதவிப் பதிவுகள் எழுதிப் பணமும் பொருளும் கொடுத்துவந்தார்கள். கெட்டோவுக்குள் நுழைய அவரிடம் இருந்தது தொற்றுநோய்த் தடுப்புச் சுகாதாரப் பணிக்கான அனுமதிச் சீட்டு. டைஃபஸ் தங்களையும் தொற்றிவிடும் என்று ஜெர்மானியர்கள் அஞ்சியதால் அந்தச் சீட்டு செல்லுபடியானது. இணையத்தில் சுற்றும் செய்தி அவரைக் குழாய் பழுதுபார்ப்பவராக்குகிறது; அதை நம்ப வேண்டாம்.

மீட்பைச் சொல்லும்போது ஒரே ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு விவரமாக எழுதுங்கள். எல்ஜ்பியேட்டா பிட்சோவ்ஸ்காவின் கதை நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1942-ல், ஆறு மாதக் கைக்குழந்தையாக, மரப்பெட்டிக்குள் வைத்து, செங்கல் ஏற்றிய வண்டியில் வெளியே கொண்டுவரப்பட்டார். பெட்டிக்குள் ஒரு வெள்ளிக் கரண்டி. அதில் அவருடைய செல்லப் பெயரும், 1942 ஜனவரி 5 என்ற பிறந்த நாளும் பொறித்திருந்தன. அவருடைய பெற்றோரிடமிருந்து அவருக்கு மிஞ்சிய பொருள் அதுதான். எடுத்து வளர்த்தவர் ஸ்தானிஸ்வாவா புசோல்டோவா என்ற மருத்துவச்சி. இந்தப் பெயரை மூன்றாவது கட்டத்தில் எழுத மறக்காதீர்கள். பெட்டியை இரேனாவே தூக்கி வந்ததாகச் சொல்லும் கட்டுரைகள் புசோல்டோவாவுக்கு அநியாயம் செய்கின்றன.

குழந்தைகளின் பட்டியலை ‘ஜாடியில் புதைத்த நினைவுச் சின்னம்’ போல வர்ணிப்பது இன்னொரு வழக்கம். அது அன்றாட வேலைக்கான பதிவேடு. மெல்லிய தாள் துண்டுகளில் குழந்தையின் உண்மைப் பெயர், புதிய பெயர், சேர்த்த இடம் ஆகியவை இருந்தன. வளர்க்கும் குடும்பங்களுக்குப் பணம் போய்ச் சேரவும், போர் முடிந்ததும் பிள்ளையை உறவினரிடம் ஒப்படைக்கவும் அது தேவை. கெஸ்டாபோ என்ற நாஜி ரகசியப் போலீஸ் இரேனாவின் வீட்டைத் தட்டிய இரவில் பட்டியலைத் தன் உள்ளாடைக்குள் மறைத்தவர் தோழி யானினா கிராபோவ்ஸ்கா. பிறகு அது லெகார்ஸ்கா தெருவில் யாத்விகா பியோத்ரோவ்ஸ்காவின் தோட்டத்தில் புதைக்கப்பட்டது. போருக்குப் பின் ஜெகோட்டாவின் செயலாளராக இருந்த யூதத் தலைவர் அடோல்ப் பெர்மனிடம் போய்ச் சேர்ந்தது.

இரேனா கைதான நாளை 18 என்றும் 20 என்றும் நூல்கள் சொல்வதால் ‘1943 அக்டோபர்’ என்று நிறுத்திக்கொள்வது நல்லது. பாவியாக் சிறை, சித்திரவதை, மரண தண்டனை. கடைசியில் ஜெகோட்டா கொடுத்த லஞ்சத்தால் தப்பினார். அதே ஆண்டின் இறுதியில் பிடிபட்ட அவரது சக ஊழியர் யாத்விகா டெனெகாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1944 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரையும் ஒரே பத்தியில் எழுதுங்கள்.

2,500 என்ற எண்ணை ‘அவர் தனியாகக் காப்பாற்றிய குழந்தைகள்’ என்று எழுதக் கூடாது. அது முழு வலைப்பின்னலுக்கும் சொல்லப்படும் கணக்கு. அதன் அளவு குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ‘அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் சுமார் 2,500 குழந்தைகள்’ என்பதே சரியான வாக்கியம்.

‘1999-ல் அமெரிக்க மாணவிகள் அவரைப் பற்றி நாடகம் போடும்வரை உலகம் அவரை மறந்திருந்தது’ என்பதும் அரைகுறை. இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷெம் அவரை 1965-லேயே கௌரவித்தது. நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார் என்று எழுதலாம். இன்னாரிடம் ‘தோற்றார்’ என்று எழுத வழியில்லை, பரிசுக் குழு தன் பதிவுகளை 50 ஆண்டுகள் வெளியிடுவதில்லை. 2008 மே 12-ல் வார்சாவில் காலமானார்.

எழுதி முடித்ததும் ‘இரேனா’ எழுவாயாக வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடிக்கோடிட்டு, மூன்றாவது கட்டத்தோடு ஒப்பிடுங்கள். வேறு பெயர் இருந்தால் அதைப் போடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் ‘செய்தவர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.