ஐபிஓ விலையை ஏன் கம்மியா வைக்கிறாங்க, அப்ளை பண்றதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்

2019 அக்டோபர்ல ஐஆர்சிடிசி ஐபிஓ (கம்பெனி ஷேர மொத தடவையா பொதுமக்களுக்கு விக்கிறது) வந்துச்சே, ஷேர் 320 ரூபா, ரீடெயிலுக்கு, அதாவது நம்மள மாதிரி சின்ன முதலீட்டாளருக்கு, 10 ரூபா தள்ளுபடி, ஒரு லாட்டுக்கு (கம்மியா கேக்கக்கூடிய அளவு) 40 ஷேர், ஆக 12,400 ரூபா. லிஸ்டிங் அன்னிக்கு, அதாவது எக்ஸ்சேஞ்ச்ல வியாபாரம் ஆரம்பிச்ச மொத நாள், பிஎஸ்இ-ல 644-ல ஓபன் ஆச்சு. வித்தது மத்திய அரசு, 500-ன்னு வச்சிருந்தாலும் வித்திருக்கும், அப்புறம் ஏன் 320?

ஐபிஓவ நடத்திக்கொடுக்கிற பேங்கருக்கு இஷ்யூ முழுசா விக்கணும்ங்கிற பயம் ஒண்ணு. ஆனா கெவின் ராக்ங்கிற பொருளாதார ஆராய்ச்சியாளர் 1986-ல சொன்ன காரணம்தான் நமக்கு முக்கியம். கம்பெனியோட உண்மையான மதிப்பு தெரிஞ்சவங்க நல்ல இஷ்யூல மட்டும்தான் வந்து முட்டுவாங்க, அதனால அங்க நமக்கு கிடைக்கிறது அபூர்வம் (ஐஆர்சிடிசிக்கு கிட்டத்தட்ட 112 மடங்கு அப்ளிகேஷன்), சொத்தை இஷ்யூலயோ அவங்க வரமாட்டாங்க, கேட்டது நம்ம கைக்கு சுலபமா வந்துரும். விலை கரெக்டா வச்சா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு சராசரியா நஷ்டம்தான் வரும், அப்புறம் யாரும் அப்ளையே பண்ணமாட்டாங்க. நம்மள உள்ள வச்சிருக்கத்தான் அந்த கம்மி விலை.

அதனால மொத நாளே ஓடிப்போய் போடாதீங்க. வழக்கமா கடைசி நாளான மூணாவது நாள் மதியம் வரைக்கும் பொறுத்து க்யூஐபி (மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி பெரிய நிறுவனங்க) பங்குக்கு எத்தனை மடங்கு அப்ளிகேஷன்னு எக்ஸ்சேஞ்ச் சைட்ல பாருங்க, பெரிய ஃபண்டுங்க கடைசி நாள்தான் வருவாங்க, அவங்களே ஒதுங்கி நின்னா நீங்களும் விட்டுருங்க. ஆர்எச்பி-ல (ஐபிஓவுக்கு முன்னாடி கம்பெனி வெளியிடுற விவர அறிக்கை) 'பேசிஸ் ஃபார் ஆஃபர் பிரைஸ்'னு ஒரு பகுதி இருக்கும், அதே தொழில்ல இருக்கிற மத்த கம்பெனியோட பி/ஈ (ஷேர் விலை ஒரு ஷேருக்கான வருஷ லாபத்துல எத்தனை மடங்குங்கிறது) அங்கயே பக்கத்துல பக்கத்துல போட்டிருப்பாங்க, அத ஒரு தடவையாவது படிங்க, ஜிஎம்பி-ய (லிஸ்டிங்குக்கு முன்னாடி கிரே மார்க்கெட்ல பேசுற கூடுதல் விலை) நம்பி பணம் போடாதீங்க, அது எந்தக் கணக்குலயும் வராத மார்க்கெட்.

ரீடெயில்ல கூட்டம் நிறைய இருந்தா குலுக்கல்ல ஆளுக்கு ஒரு லாட்தான், பத்து லாட் கேட்டாலும் சான்ஸ் கூடாது. வீட்ல அப்பா அம்மாவுக்கு டீமேட் இருந்தா அவங்கவங்க பான், அவங்கவங்க பேங்க் அக்கவுண்ட்ல இருந்து, அவங்க பணத்துல, ஆளுக்கு ஒரு லாட் போடச் சொல்லுங்க. கட்-ஆஃப் பிரைஸ (கடைசியா எந்த விலை முடிவானாலும் சரிங்கிறது) டிக் பண்ணுங்க, இல்லேன்னா விலை மேல முடிஞ்சா வெளிய போயிருவீங்க. யூபிஐ மேண்டேட்ட (பேங்க்ல பணத்த பிடிச்சு வைக்க நாம குடுக்கிற அனுமதி) கடைசி நாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள அப்ரூவ் பண்ணணும், எங்க வீட்ல ஒரு தடவை நோட்டிஃபிகேஷன பாக்காம அப்ளிகேஷனே ரிஜெக்ட் ஆச்சு, இன்னும் மனசு ஆறல.

கேட்டதும் கிடைச்சுதுன்னா சந்தோஷப்படாம ஒரு நிமிஷம் யோசிங்க. 2021 நவம்பர்ல பேடிஎம் 2,150 ரூபாக்கு வந்துச்சு, மொத்தமா ரெண்டு மடங்கு கூட அப்ளிகேஷன் வரல, லிஸ்டிங் அன்னிக்கே 1,564-ல முடிஞ்சுது.