எஃப் 2 அழுத்தியும் திரை அசையாவிட்டால்

எங்கள் கிடங்கில் இருப்புப் பதிவு இன்றும் எழுத்துத் திரையில்தான் நடக்கிறது. நிரல் லினக்ஸ் சர்வரில், மேசையில் விண்டோஸ் கணினி, நடுவில் சர்வரோடு இணைத்து அதன் திரையை மேசைக்குக் கொண்டுவரும் புட்டி (PuTTY) என்ற நிரல். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நாற்பது வரி சரக்கைப் பதிந்துவிட்டுச் சேமிக்க எஃப் 2 அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. எஃப் 5, எஃப் 6 எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. வேறொரு விசைப்பலகையைச் செருகிப் பார்த்தும் பயனில்லை. நாற்பது வரியும் போய்விடுமோ என்று முகம் வாடிவிட்டது அவருக்கு.

ஒன்றைப் புரிந்துகொண்டால் இந்தப் பயம் போய்விடும். அந்தச் சர்வருக்கு எஃப் 2 என்ற விசையே தெரியாது. நீங்கள் அழுத்தும்போது எஸ்கேப்பில் தொடங்கும் சில எழுத்துகள்தான் கம்பி வழியே போகின்றன. 1978இல் வந்த விடி100 (VT100) என்ற முனையத்தில், அதாவது பெரிய கணினியோடு இணைக்கும் திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவியில், இத்தகைய விசைகள் நான்கே. அவை எஸ்கேப், ஓ, அதன்பின் பி, க்யூ, ஆர், எஸ் இவற்றில் ஒன்று என்று அனுப்பின. எஃப் 1 முதல் எஃப் 4 வரை இன்றும் பெரும்பாலும் அந்த வழக்கமே. எஃப் 5 முதல் எண் முறை: எஃப் 5க்கு 15, எஃப் 6க்கு 17, எஃப் 10க்கு 21. நடுவே 16 இல்லை, அது தவறன்று.

எனவே முதலில் என்ன போகிறது என்று பாருங்கள். இன்னொரு இணைப்பில் கட்டளை வரியில் கண்ட்ரோலும் வியும் சேர்த்து அழுத்தி, பிறகு சந்தேகப்படும் விசையை அழுத்துங்கள். எஃப் 10 என்றால் ^[[21~ என்று தெரியவேண்டும், இதில் ^[ என்பதுதான் எஸ்கேப். தம்பியின் எஃப் 2க்கு ^[[12~ என்று வந்தது. புட்டி தன்னை எக்ஸ்டெர்ம் (xterm) என்ற வேறொரு முனைய நிரல் என்று சர்வரிடம் சொல்லிக்கொள்கிறது. ஆனால் எக்ஸ்டெர்ம் போலன்றி, முதல் நான்கு விசைகளுக்கும் எண் முறைக் குறியீட்டையே அனுப்புகிறது. நிரலோ ஓ, க்யூவுக்காகக் காத்திருக்கிறது.

இதைச் சரிசெய்ய இணைப்பை மூடவேண்டியதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், மூடினால் பதிந்தது போய்விடும். புட்டியின் தலைப்புப் பட்டையில் வலது சொடுக்கி அமைப்புகளை மாற்றும் வரியைத் தேர்ந்தெடுங்கள். விசைப்பலகைப் பகுதியில் செயல் விசைகளுக்கு எக்ஸ்டெர்ம் ஆர்6 (Xterm R6) என்பதைக் குறித்துவிட்டு உறுதிசெய்யுங்கள். தம்பி மறுபடி எஃப் 2 அழுத்தினார், நாற்பது வரியும் சேமிப்பில் ஏறின. அதே அமைப்பை இணைப்பின் பெயரிலும் சேமித்துவையுங்கள், இல்லாவிட்டால் நாளை மறுபடியும் இதே பாடு.

கண்ட்ரோல் வி சோதனையில் எதுவுமே தெரியாவிட்டால் விசை சர்வரை எட்டவே இல்லை. மடிக்கணினியில் ஒலியோ வெளிச்சமோ மாறினால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். லினக்ஸ் மேசைக்கணினியின் முனைய நிரலான க்னோம் டெர்மினலில் எஃப் 10 சாளரத்தின் பட்டியலைத் திறக்கும், எஃப் 11 முழுத்திரையாக்கும். அதன் விருப்பங்களில் இவற்றை நீக்கிவிடலாம்.

மிட்நைட் கமாண்டர் என்ற கோப்பு மேலாளரைப் பயன்படுத்துவோருக்கு எளிய வழி ஒன்று உண்டு: எஸ்கேப்பை அழுத்தி விட்டுவிட்டு 0 அழுத்தினால் அது எஃப் 10. எஸ்கேப், 5 என்றால் எஃப் 5.