மரத்தால் மாதிரிப் பாய்க்கப்பல் கட்டுதல்: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு

மாதிரிக் கப்பல் கட்டும் ஆசை வந்தவுடன் பலருடைய மனம் மூன்று பாய்மரங்களும் நூறு பீரங்கிகளும் கொண்ட போர்க்கப்பல்களையே நாடுகிறது. 1765 இல் நீரில் இறக்கப்பட்ட 'விக்டரி' போன்ற ஒரு கப்பலை விவரமாகக் கட்டிமுடிப்பதற்குக் கைதேர்ந்தவர்களுக்கே ஆண்டுக்கணக்கில் நேரம் தேவைப்படும் என்பதால், முதல் வேலைக்கு அதை எடுப்பது பாதியில் கைவிடுவதற்கே வழிவகுக்கும். பீரங்கித் தளங்கள் இல்லாத, இரண்டு பாய்மரங்கள் கொண்ட வணிகக் கப்பலே தொடக்கத்துக்கு ஏற்றது. அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த 'அன்னபூரணி', ஏறக்குறைய 89 அடி நீளமும் 19 அடி அகலமும் கொண்ட அத்தகைய ஒரு கப்பல்தான். அந்த அளவுடைய பிரிகன்டைன் எனப்படும் இருபாய்மரக் கப்பல் ஒன்றின் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு, தளத்தின் அமைப்பையும் பாய்க்கயிறுகளையும் கிடைக்கும் புகைப்படங்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் அளவுத்திட்டத்தை முடிவுசெய்ய வேண்டும். 1:48 என்றால் உண்மைக் கப்பலின் ஓர் அடி மாதிரியில் கால் அங்குலம் ஆகும். 89 அடிக் கப்பலின் உடல் 22 அங்குலத்துக்குச் சற்று மேலாக வரும். 1:96 இல் அதே உடல் 11 அங்குலம்தான். இடத்தை மிச்சம்பிடிக்க எண்ணிச் சிறிய அளவுத்திட்டத்தைத் தெரிபவர்கள், ஒரு கப்பியில் துளையிட வேண்டிய நாளில் அதை நினைத்து வருந்துவார்கள். 1:48 இல் ஒன்பது அங்குல அகலப் பலகை ஏறக்குறைய 5 மில்லிமீற்றராகவும், இரண்டு அங்குலத் தடிப்பு 1 மில்லிமீற்றராகவும், ஐந்தரை அடி உயர மாலுமி 35 மில்லிமீற்றராகவும் அமையும். கடதாசியில் அந்த உயரத்துக்கு ஒரு மனித உருவத்தை வெட்டி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச்சட்டம், ஏணி, கதவு எதைச் செய்தாலும் அந்த உருவத்தின் அருகே வைத்துப் பார்த்தால், அளவு பிசகியிருப்பது கணக்கில்லாமலே தெரிந்துவிடும்.

மரத்தெரிவில், உண்மைக் கப்பலுக்கு எந்த மரம் பாவிக்கப்பட்டதோ அதையே மாதிரிக்கும் பாவிக்க வேண்டும் என்ற எண்ணம் தவறானது. மாதிரியில் மரத்தின் இழையும் சிறிதாகத் தெரிய வேண்டும். வேம்பும் தேக்கும் நல்ல மரங்களே; ஆயினும் அவற்றின் இழையோட்டம் 5 மில்லிமீற்றர் பலகையிற் பெரிதாகத் தெரிந்து, கப்பலைச் சிறுத்த தளபாடம் போலக் காட்டிவிடும். தேக்கில் எண்ணெய்த்தன்மை இருப்பதாற் பசையும் இலகுவிற் பிடிக்காது. பனை பற்றிச் சொல்லவே வேண்டாம்; அதன் கருநார்கள் இந்த அளவிற் பிரிந்து நிற்கும். முதிரை, கொய்யா, தேசிமரம் ஆகியவை நெருக்கமான இழை கொண்டவை. தளபாடப் பட்டறைகளிலும் மரக்காலைகளிலும் விறகுக்கு ஒதுக்கும் முதிரைத் துண்டுகளே ஒரு கப்பலுக்குப் போதும். கொய்யாவும் தேசியும் வளவிலேயே கிடைக்கும். கிளையை வெட்டியவுடன் இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் ஓராண்டாவது காயவிட்டால் வெடிப்பு குறையும். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியையே எடுக்க வேண்டும். வெளிப்புற வெண்பகுதியை வண்டு துளைத்து, கட்டி முடித்த பின்னர் உள்ளிருந்தே உளுக்கச் செய்துவிடும்.

உடலைக் கட்டுவதற்குப் பல முறைகள் உள்ளன. உண்மைக் கப்பலைப் போல விலா எலும்பு போன்ற ஒவ்வொரு வங்கையும் தனித்தனியே செய்து பொருத்துவது மிக அழகானது; முதல் கப்பலுக்கு அது வேண்டாம். 4 அல்லது 5 மில்லிமீற்றர் பிளைவூட்டில் ஏராவோடு (கப்பலின் அடிமரத்தோடு) சேர்ந்த நடுத்தட்டு ஒன்றை வெட்டி, அதற்குக் குறுக்காக, வரைபடத்தின் குறுக்குவெட்டுக் கோடுகளின்படி வெட்டிய தட்டுகளைப் பொருத்தி, அவற்றின்மேற் பலகை அடிப்பதே பழகுவதற்கு ஏற்ற முறை. குறுக்குத்தட்டுகளின் இடைவெளி ஒன்றரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கப்பலின் முன்புறமான அணியத்தை நெருங்க நெருங்க அதையும் குறைக்க வேண்டும். ஒவ்வொரு தட்டையும் ஒட்டும்போது மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதோடு, மேலிருந்து நீளவாக்கிற் கண்ணை வைத்து நடுத்தட்டு வளையாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அணியத்திலும் பின்புறத்திலும் தட்டுகளுக்கு இடையே பொதிப்பெட்டிகளில் வரும் பைன் பலகைத் துண்டுகளை அடைத்து ஒட்டினால், வளைவு கூடிய அந்த இடங்களிற் பலகை பற்றிக்கொள்ள இடம் கிடைக்கும்.

இதற்கு அடுத்த வேலையிலேதான் கப்பலின் தலைவிதி தீர்மானிக்கப்படுகிறது. பெரும்பாலானோர் விரைந்து கடந்துபோவதும் இதனையே. குறுக்குத்தட்டுகளின் விளிம்புகள் வெட்டியபடியே தட்டையாக இருந்தால், அணியத்தில் வளைந்து செல்லும் பலகை அவற்றின் ஒரு கூரில் மட்டுமே தொட்டு நிற்கும். ஆகவே ஒவ்வொரு விளிம்பையும் பலகையின் ஓட்டத்துக்கேற்பச் சரிவாக்க வேண்டும். ஓரடி நீளமான நேர்ச்சட்டத்தில் 120 இலக்க அரத்தாளை ஒட்டி, எப்போதும் குறைந்தது மூன்று தட்டுகளிற் படும்படி தேய்க்க வேண்டும். விரலில் அரத்தாளைச் சுற்றித் தேய்த்தாற் பள்ளம் விழும். இடையிடையே 2 மில்லிமீற்றர் மெல்லிய சலாகையொன்றை அணியத்திலிருந்து பின்புறம் வரை தட்டுகளின்மேற் படியவைத்து, சன்னலை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். சலாகைக்கும் தட்டுக்கும் இடையில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால் அந்தத் தட்டு தாழ்ந்திருக்கிறது. அதன் விளிம்பில் மட்டைக் கீலமொன்றை ஒட்டி உயர்த்த வேண்டும். சலாகை ஓரிடத்தில் முழங்கை போல மடங்கினால் அங்குள்ள தட்டு உயர்ந்திருக்கிறது. மேலே, நடுவே, அடியே என்று பல உயரங்களில் இதைச் செய்து, சலாகை தானாகவே எல்லாத் தட்டுகளிலும் அமரும் வரை ஒரு பலகையையும் வெட்டாதிருப்பது நல்லது. இங்கே விடப்படும் ஒரு மேட்டை, பலகை அடித்த பிறகு எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாது. பளபளப்பு ஏற ஏற அது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

பலகை அடிப்பதிற் கணக்கு முக்கியம். கப்பலின் நடுவே உடலின் மேல்விளிம்பிலுள்ள மேற்பட்டிகையிலிருந்து ஏரா வரை கடதாசிக் கீலமொன்றை வளைத்து அளந்தால் 75 மில்லிமீற்றர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீற்றர் அகலத்தில் 15 பலகைகள் வேண்டும். அணியத்தில் அதே அளவு 45 மில்லிமீற்றராக இருந்தால், ஒவ்வொரு பலகையும் அங்கே 3 மில்லிமீற்றராக ஒடுங்க வேண்டும். ஒடுக்காமல் அடித்துக்கொண்டு போனாற் பலகைகள் அணியத்தில் மேல்நோக்கி ஏறி, கடைசியில் ஆப்பு வடிவத் துண்டுகளால் இடைவெளிகளை நிரப்பவேண்டி வரும். எந்தப் பலகையும் தன் அகலத்தின் பாதிக்குக் கீழே ஒடுங்கக்கூடாது; அந்த நிலை வந்தால் இரண்டு பலகைகளை ஒன்றாக்கிவிட வேண்டும். இடப்புறத்தில் ஒன்று அடித்தால் வலப்புறத்திலும் ஒன்று அடிக்க வேண்டும். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்துக்கு வந்தால் நடுத்தட்டு முறுக்கிக்கொள்ளும்.

வளைக்க வேண்டிய பலகையைச் சுடுநீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, இடத்தில் வைத்து உடுப்புக் கிளிப்புகளால் இறுக்கி, நன்றாகக் காய்ந்த பின்னரே ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டிய பலகை காயும்போது சுருங்கி இடைவெளி விடும். இதே காரணத்தால், ஐப்பசி, கார்த்திகை மாரியில் பலகை அடிக்காமல் இருப்பது நல்லது. மாரியின் ஈரத்தில் ஊதிய மரம் அடுத்த ஆனி, ஆடியிற் சோளகக் காற்றடிக்கும்போது சுருங்கி, பொருத்துகளில் மயிர்க்கோடுகள் திறந்துகொள்ளும். மாரிக்காலத்தைக் கப்பி செய்வதற்கும் கயிறு முறுக்குவதற்கும் ஒதுக்கிவைக்கலாம். பசைக்குத் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையே போதும். சுப்பர் குளூ அவசரத்துக்கு உதவும். ஆனால் அது பட்ட இடத்தில் மெருகு சரியாகப் பிடிப்பதில்லை.

உண்மைக் கப்பலிற் பலகைகளின் இடையே அடைக்கும் கலப்பத்தின் கருங்கோட்டைக் காட்டுவதற்கு, ஒவ்வொரு பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலாற் கரிபூசினாற் போதும். மரஆணிகளுக்கு மூங்கில் ஈர்க்கை, உருக்குத் தகட்டிற் படிப்படியாகச் சிறுக்கும் துளைகளினூடாக இழுத்து 0.7 மில்லிமீற்றர் வரை மெல்லியதாக்கலாம். அதைவிடத் தடித்த ஆணிகளை வைப்பதைக் காட்டிலும் ஆணியே இல்லாமல் விடுவது மேல்.

பாய்மரத்துக்கு நேரிழை கொண்ட சதுரச்சட்டம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு முகத்தையும் 7:10:7 என்ற விகிதத்திற் கோடிட்டு மூலைகளைச் சீவினால் எண்கோணம் கிடைக்கும். கப்பல் கட்டும் தச்சர்களான ஓடாவிகள் பெரிய மரத்திற் செய்யும் முறையும் இதுதான். எண்கோணத்திலிருந்து பதினாறு பக்கம், பின்னர் உருளை. மேல்நோக்கி ஒடுங்குவதையும் சதுரமாக இருக்கும்போதே சீவிவிட வேண்டும்.

கயிறுகளில் இரண்டு வகை உண்டு. பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகள் தார் பூசப்பட்டவை என்பதாற் கருங்கபில நிறத்திலும், பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் முதலிய ஓடும் கயிறுகள் தும்பு நிறத்திலும் இருக்க வேண்டும். வலைக்கடைகளில் விற்கும் நைலோன் நூல் மினுங்குவதாலும் முடிச்சு நழுவுவதாலும் இதற்கு உதவாது. மூன்று பருத்தி நூல்களை ஒரு திசையில் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையிற் பின்னவிட்டால் உண்மைக் கயிற்றின் தோற்றம் கிடைக்கும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தெடுத்தால் நூலின் பிசிறுகள் அடங்கிவிடும். பக்கக் கயிறுகளில் மாலுமிகள் ஏறும் படிகளை 7 முதல் 8 மில்லிமீற்றர் இடைவெளியிற் கட்ட வேண்டும். கோடிட்ட கடதாசியைக் கயிறுகளின் பின்னால் வைத்துக்கொண்டாற் கணக்கு மாறாது. படியை இழுத்துக் கட்டினாற் பக்கக் கயிறுகள் உள்நோக்கி வளையும். சற்றுத் தளர்வாகவே முடிச்சிட வேண்டும். பாய்களை விரித்துக் கட்டுவது அவசியமில்லை. மெல்லிய பருத்தித் துணிகூட இந்த அளவிற் சாக்குப்போலத் தெரியும் என்பதால், பாயின் ஆழத்தை மூன்றிலொன்றாகக் குறைத்து வெட்டி, பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமலோடு சுருட்டிக் கட்டுவதே கண்ணுக்கு இயல்பாக இருக்கும்.

கப்பலுக்குக் கண்ணாடிப் பெட்டி கட்டாயம் வேண்டும். சோளகத்தின் புழுதி கயிறுகளிற் படிந்தால் தூரிகையாலும் எடுக்க முடியாது. பெட்டியின் அடித்தட்டிற் காற்றுப் போவதற்கு இரண்டு மூன்று துளைகளை இட்டு, பூச்சி நுழையாதபடி மெல்லிய வலையால் மூடிவிடுங்கள். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை உருக்கி நங்கூரம் வார்ப்பது இலகுவாகத் தோன்றினாலும், மூடிய பெட்டிக்குள் மரத்திலிருந்தும் பூச்சிலிருந்தும் வெளிவரும் அமில ஆவி ஈயத்தை அரித்து, சில ஆண்டுகளில் வெண்தூளாக்கிவிடும். நங்கூரத்தை முதிரையிலோ செம்பிலோ செய்து கறுப்புப் பூசுங்கள்.