சைவ மீன் குழம்பு: மீனுக்கு பதிலா எதை போட்டா சத்து கிடைக்கும்

புரட்டாசி வந்தா மீனுக்கு பதிலா நிறைய வீட்டுல வாழைக்காயைத்தான் சாய்வா நறுக்கி, மீன் மசாலா தடவி வறுப்பாங்க, ருசி சூப்பரா இருக்கும், ஆனா புரதம்னு பாத்தா 100 கிராமுக்கு ஒரு கிராம் சொச்சம்தான், அதுவே வஞ்சிரத்துல 20 கிராம் கிட்ட இருக்கு. கடையில விக்கிற கொன்ஜாக் இறாலும் அப்படித்தான், கிழங்கு மாவுல செய்யறது, மெல்ல நல்லா இருக்கும், புரதம் கிட்டத்தட்ட கிடையாது. அதனால தினமும் சைவமா சாப்பிடறவங்களுக்கு நான் சொல்றது தட்டப்பயறு மீன்தான்.

ஒரு கப் தட்டப்பயறை அஞ்சாறு மணி நேரம் ஊற வெச்சு, தண்ணியை நல்லா வடிச்சுட்டு, சோம்பு, வரமிளகாய், பூண்டு, உப்பு சேத்து கொரகொரன்னு அரைங்க. அரைக்கும்போது தண்ணி ஊத்தாதீங்க, ஊத்தினா துண்டு குழம்புல கரைஞ்சுடும், இதுல மட்டும் கவனமா இருங்க. வாழை இலையில நீளமா உருட்டி வெச்சு கால் மணி நேரம் ஆவில வேக விட்டு, நல்லா ஆறினதும் துண்டு போட்டு தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் சிவக்க விடுங்க. கடல் வாசனை வேணும்னா நோரி ஷீட்டை, அதாவது காய வெச்ச கடல்பாசித் தாளை, பொடிச்சு மாவுலயே கலந்துடலாம், கொஞ்சம் அயோடினும் கிடைக்கும். கெல்ப்னு விக்கிற கடல்பாசில அயோடின் ரொம்ப அதிகம், தைராய்டு இருக்கறவங்க டாக்டரை கேக்காம தொடாதீங்க.

காய்ஞ்ச பயறுல 100 கிராமுக்கு 23 கிராம் போல புரதம், ஊறினா எடை ரெண்டு மடங்காயிடும், அப்போ வெந்த துண்டுல 10 கிராம் வரும்னு வெச்சுக்கலாம், மீன்ல பாதி. மீன்ல இல்லாத நார்ச்சத்து இதுல நிறைய இருக்கு. ஆனா பி12 இதுல சுத்தமா இல்ல, மீனுக்குரிய ஒமேகா 3யும் இல்ல. ஆளிவிதை பொடி தினம் ஒரு ஸ்பூன் நல்லதுதான், இருந்தாலும் அதுல இருக்கற ஒமேகா 3யை நம்ம உடம்பு டிஎச்ஏவா, அதாவது மீன்ல இருக்கற ஒமேகா 3 வகையா, மாத்தறது ரொம்ப கொஞ்சம், நேரடியா வேணும்னா ஆல்கே ஆயில்னு பாசி எண்ணெய் கேப்சூல் இருக்கு, மீனுக்கே அது பாசிலேந்துதான் வருது.

சோயால செஞ்ச பாக்கெட் மீன் வாங்கினா பின்னாடி புரதத்தையும் சோடியத்தையும் பாருங்க, சோயா அலர்ஜி இருந்தா வேண்டாம்.

குழம்பு வழக்கம் போலத்தான், நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், தக்காளி, புளி. எண்ணெய் பிரிஞ்சு வந்தப்புறம் துண்டை போட்டு அஞ்சு நிமிஷத்துல இறக்கிடுங்க, கரண்டி போட்டு கிண்டாதீங்க, சட்டியை மட்டும் லேசா அசைச்சு விடுங்க.