ஸ்டார்ட்அப் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் கணக்கு அலுவலகம் என்றால் மீன் வியாபாரம், நகைக்கடை, ஜவுளி, காண்ட்ராக்ட் வேலை என்றுதான் வாடிக்கை இருக்கும். அந்தப் பழக்கத்தோடு ஒரு ஆப் கம்பெனியையோ கடல்பாசித் தொழில்நுட்பக் கம்பெனியையோ எடுத்துக்கொண்டால் சிக்கல் வரும். கடைக் கணக்கை வருஷக் கடைசியில் உட்கார்ந்து ஓரளவு சரிசெய்துவிடலாம். ஸ்டார்ட்அப்பில் முதலீடு முதலில் வரும், வியாபாரம் பிறகுதான். உள்ளே வரும் பணம் பங்குக்கா, கடனுக்கா என்பதை அது வந்து சேர்ந்த பிறகு தீர்மானிக்க முடியாது. பெரிய தவறுகள் எல்லாம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

மச்சான் அனுப்பிய பணத்தைக் கடன் என்று எழுதுவது

இந்தக் கரையில் முதல் முதலீடு பெரும்பாலும் வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரரிடமிருந்து வரும். துபாயிலிருந்து மச்சான் பத்து லட்சம் அனுப்புகிறார், பணம் நேராகக் கம்பெனியின் கரண்ட் அக்கவுண்டில் விழுகிறது. கணக்கு எழுதுபவர் அதை "அன்செக்யூர்ட் லோன்" (அடமானம் இல்லாத கடன்) என்று டாலி கணக்கு மென்பொருளில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

தனியார் கம்பெனி தன் இயக்குநரிடமும் இயக்குநரின் உறவினரிடமும் கடன் வாங்கலாம். கொடுப்பவர், அது தான் கடன் வாங்கிய பணம் அல்ல என்று எழுதித் தர வேண்டும். ஆனால் கம்பெனிச் சட்டம் 2013 சொல்லும் உறவினர் யார் யார்? கணவன் மனைவி, தாய் தந்தை, மகன் மகள், மருமகன் மருமகள், சகோதரன் சகோதரி, இந்து கூட்டுக் குடும்பத்து உறுப்பினர்கள். மாமாவும் மச்சானும் அந்தப் பட்டியலில் இல்லை. பங்குதாரராகவும் இல்லாத மச்சானிடம் வாங்கிய கடன், கம்பெனி வாங்கக் கூடாத டெபாசிட் ஆகிவிடும். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதால் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கும் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பங்குக்கான பணம் என்றால் வரிசை தப்பக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் விலை அறிக்கை, சிறப்புத் தீர்மானம், முதலீட்டாளரின் பெயர் குறிப்பிட்டுப் பங்கு வாங்க அழைக்கும் பிஏஎஸ்-4 கடிதம், இதற்கென்றே தனி வங்கிக் கணக்கு, இவை நான்கும் தயாரான பிறகே பணம் வர வேண்டும். முதலீட்டாளரின் சொந்தக் கணக்கிலிருந்தே வர வேண்டும். அவர் வாப்பாவுக்கு (அப்பாவுக்கு) அனுப்பி, வாப்பா கம்பெனிக்கு மாற்றிவிட்டால் அந்தப் பங்கை மச்சான் பெயரில் ஒதுக்க முடியாது. பணம் வந்த 60 நாளுக்குள் ஒதுக்கீடு, ஒதுக்கிய 15 நாளுக்குள் அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 படிவம் தாக்கல். அதுவரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொடக் கூடாது. சம்பள நாள் நெருங்குகிறதே என்று இயக்குநர் கெஞ்சினாலும் விடாதீர்கள். 60 நாளில் ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும்.

என்ஆர்ஐயிடம் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாளைக்குப் பங்கை விற்றால் பணத்தை வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துப் போகும் உரிமை வேண்டுமா? வேண்டும் என்றால் பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் தளத்தில், வெளிநாட்டு முதலீட்டுக்குப் பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் அது உள்நாட்டு முதலீடாகவே கருதப்படும், அந்தப் படிவம் தேவையில்லை. பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஒரே கம்பெனிக்கு ஆடிட்டரும் கணக்கரும் நாமே என்பது

சின்ன ஊரில் இது சகஜமாகிவிட்டது. கம்பெனிச் சட்டத்தின் 144-வது பிரிவு, சட்டப்படியான ஆடிட்டர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தருவதைத் தடுக்கிறது. ஸ்டார்ட்அப்புக்கு மாதாமாதம் கணக்கு, சம்பளம், முதலீட்டாளர் அறிக்கை என்று எல்லாம் தேவைப்படும். ஆகவே எந்த வேலை உங்களுடையது என்பதை முதல் நாளே முடிவு செய்து, மற்றதை மதுரையிலோ ராமநாதபுரத்திலோ இன்னொரு அலுவலகத்துக்கு விட்டுவிடுங்கள். "ஃபீஸுக்குப் பதிலா கொஞ்சம் ஷேர் தர்றோம் சார்" என்று கேட்பார்கள். ஆடிட்டராக இருந்தால் ஒரு பங்குகூட வாங்கக் கூடாது; வாங்கினால் ஆடிட்டராகும் தகுதியே போய்விடும்.

டாலர் பில்லைப் பார்க்காமல் பதிவது

நிறுவனர் சொந்த கிரெடிட் கார்டில் சர்வர், டிசைன் டூல், மெயில் சேவை எல்லாம் வாங்கியிருப்பார். ஒவ்வொரு பில்லையும் திறந்து, கொடுத்தது யார், யார் பெயருக்கு என்று பாருங்கள். இந்தியக் கிளை ஜிஎஸ்டி போட்டுக் கொடுத்த பில் என்றால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி வரி போடாமல் கொடுத்திருந்தால் ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்றவருக்குப் பதிலாக வாங்கியவரே வரி கட்டும் முறையில், 18 சதவீதம் நாம் கட்ட வேண்டும். மாதம் 40,000 ரூபாய் பில்லுக்கு 7,200. இதை இன்புட் கிரெடிட்டில் (வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கட்டிய ஜிஎஸ்டியின் வரவில்) கழிக்க முடியாது, ரொக்கமாகவே கட்டிவிட்டுப் பிறகுதான் கிரெடிட் எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்சம் விற்பனை வரம்பு வரவில்லையே என்பதும் செல்லாது. ரிவர்ஸ் சார்ஜ் இருந்தாலே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பில் நிறுவனரின் சொந்தப் பெயரில், ஜிஎஸ்டி எண் இல்லாமல் இருந்தால், வெளிநாட்டுக் கம்பெனி வரி போட்டிருந்தாலும் கிரெடிட் கிடைக்காது. அந்தந்தச் சேவையின் பில்லிங் பக்கத்தில் கம்பெனிப் பெயரையும் எண்ணையும் ஏற்றிவிட்டால் தீர்ந்தது.

வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால், ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதமான எல்யூடியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும். ஏப்ரலில் மறந்துவிடுவது வழக்கம்.

வங்கி இருப்பை அப்படியே நம்புவது

ஜனவரி 1-ல் ஒரு வருஷச் சந்தா 1,20,000 வந்தால், மார்ச் 31 வரைக்கும் வருமானம் 30,000 மட்டும்தான். மீதி 90,000 இன்னும் செய்ய வேண்டிய வேலைக்கான பொறுப்பு. முழுவதையும் வருமானமாக எழுதினால் முதல் வருஷம் அழகாகவும் அடுத்த வருஷம் சரிவாகவும் தெரியும், முதலீட்டாளரின் ஆட்கள் அதை முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கும் அப்படித்தான். வங்கியில் 36 லட்சம், மாதச் செலவு 3 லட்சம், ஆக 12 மாதம் என்று சொல்லிவிடாதீர்கள். கட்ட வேண்டிய டிடிஎஸ், ஜிஎஸ்டி, சம்பளம் 6 லட்சம் என்றால் கையில் இருப்பது 10 மாதம்.

நம் கரைக்கு இன்னொன்றும் உண்டு. மீன் விற்கும் ஆப், படகுக்காரர்களுக்குச் சேவை தரும் கம்பெனி போன்றவற்றின் வரவு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படுத்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான சராசரியை வைத்து ஜூனைக் கணித்தால் நிறுவனர் அந்த 61 நாளில் சம்பளத்துக்குத் தவிப்பார். தடைக்கால மாதங்களைத் தனி வரிசையாகப் போட்டுக் காட்டுங்கள்.

சிறியவை என்று விடப்படுபவை

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், எதை எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் திருத்தப் பதிவு (ஆடிட் ட்ரெயில்) இயங்க வேண்டும். எக்செலில் எழுதிவிட்டுக் கடைசியில் டாலிக்கு ஏற்றுவது இனி ஆகாது.

ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைத்ததுமே வரிவிலக்கும் கிடைத்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். பத்து வருஷத்தில் மூன்று வருஷ லாபத்துக்கான விலக்குக்குத் தனி விண்ணப்பமும் தனிச் சான்றும் வேண்டும்.

புதிய கம்பெனி தொழில் தொடங்கியதாக அறிவிக்கும் ஐஎன்சி-20ஏ, பதிவான 180 நாளுக்குள் போக வேண்டும். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம்.

ஃபீஸை வருஷத்துக்கு ஒரு தொகையாகப் பேசாதீர்கள். மாதக் கணக்குக்கு ஒரு தொகை. பங்கு ஒதுக்கீடு, முதலீட்டாளர் ஆய்வு, ஊழியர் பங்குத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை என்று ஒப்பந்தக் கடிதத்தில் எழுதுங்கள். ஆய்வு வந்தால் பத்து நாளைக்கு வேறு வேலை ஓடாது.

கடைசியாக மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் ரப்பர் பேண்ட் போட்டு, பாஸ்வேர்டைச் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி அங்கே கிடந்தால் இன்றே உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நிறுவனர்களுக்குள் சண்டை வந்து, தெரியாமல் பங்கை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஒருவர் புகார் கொடுத்தால், கையெழுத்துப் போட்ட கருவி யாரிடம் இருந்தது என்பதுதான் முதல் விசாரணை.