ஒன்லைனில் வேலை தேடும் மாற்றுத்திறனாளிகள் எங்கே சறுக்குகிறார்கள்?

திருகோணமலை உவர்மலையில் பார்வை குறைந்த நண்பர் ஒருவர் ஆறு மாதமாக வேலைத் தளங்களில் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். ஒரு பதிலும் இல்லை. சிவியை அனுப்பச் சொல்லி என் போனில் திறந்தால், தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குவியல். கொமினிகேஷன் கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானும் அதை ஆங்கிலமாகத்தான் உளறும். எழுதியவருக்கே தன் சிவி விளங்காது!

எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்த சிவியும் வேண்டாம், அது வெறும் படம். சரிபார்க்க ஒரு வழி: சிவியில் ஒரு வரியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் சரி.

அதே கடையில்தான் இன்னொரு பிழையும் நடக்கிறது. மின்னஞ்சலைக் கடைக்காரரே தன் போன் இலக்கத்தைப் போட்டுத் திறந்து கொடுப்பார். நல்ல மனதோடுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, ஓடிபி யாருக்குப் போகும்?

அண்ணன் பெயரில் கணக்குத் திறப்பதும் இதே வகை. ஒன்லைனில் சிறு வேலைகளை எடுத்துச் செய்யும் அப்வேர்க், ஃபைவர் போன்ற தளங்கள் அடையாள அட்டை கேட்கும். ஆள் மாறினால் கணக்கை முடக்கிவிடும், உழைத்த காசும் மாட்டிக்கொள்ளும். ஃபைவரில் விலை போடும்போது 20% தளத்துக்குப் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 10 டொலர் வேலைக்குக் கைக்கு வருவது 8 தான்.

வீட்டிலிருந்தே டைப்பிங், முதலில் பதிவுக் கட்டணம் என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். சிலர் கட்டணம் கேட்கமாட்டார்கள். வேலையை வாங்கிவிட்டு, 'பிழை அதிகம், அபராதம் கட்டு' என்று மிரட்டுவார்கள். வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களைத்தான் இவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

குறைபாட்டைச் சொல்வதா மறைப்பதா? சிவியில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை என்பது என் எண்ணம். நேர்காணலுக்குக் கூப்பிட்டதும் தேவையை மட்டும் சொல்லுங்கள்: 'எனக்குக் காது கேட்காது, கேள்விகளை எழுத்தில் தந்தால் வசதி.' 'நான் மிகவும் கஷ்டப்படுகிறேன்' என்று தொடங்கும் கடிதம் அனுதாபம் வாங்கித் தரும், வேலை வாங்கித் தராது. சக்கர நாற்காலியில் போகிறவர்கள் லிப்ட் இருக்கிறதா என்று முதலே கேட்டுவிடுங்கள். கண்டி வீதி முழுக்க ஓட்டோவில் போய், படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், மாற்றுத்திறனாளிகளுக்கான அந்த 3% வேலை ஒதுக்கீடு. 1988ஆம் ஆண்டின் 27/88 பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச வேலைக்கானது. தனியார் கம்பனியிடம் அதைக் காட்டிப் பயனில்லை. அரச வேலையிலும் அந்தப் பதவிக்குரிய தகைமை வேண்டும். வர்த்தமானி விளம்பரம் வந்ததும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போய், எந்தெந்தச் சான்றிதழ்கள் வேண்டும் என்று கேளுங்கள். முடிவுத் திகதிக்கு முதல் நாள் போகாதீர்கள்.