படுத்திருக்கும்போது உடல் செலவிடும் கலோரியை இன்ச் டேப்பைக் கொண்டு கணக்கிடுவது எப்படி?

வண்ணாரப்பேட்டையிலோ பெரம்பூரிலோ ஒரு ஜிம்மில் உடல் அமைவைக் காட்டும் கருவியின் மீது வெறுங்காலுடன் ஏறி நின்றால், சிறிது நேரத்தில் ஒரு தாள் கைக்கு வருகிறது. அதில் 'பி.எம்.ஆர்.' என்று ஓர் எண் இருக்கும்; முழு ஓய்வில் உடல் ஒரு நாளைக்குச் செலவிடும் கலோரி அது. அதைக் கருவி அளப்பதில்லை. உடலுக்குள் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, நீரின் அளவை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பற்ற எடையைக் கணித்து, அந்த எடையை ஒரு சூத்திரத்தில் போட்டுப் பெற்ற விடையே அது. ஓய்வுநிலை ஆற்றல் செலவை உண்மையாகவே அளக்க வேண்டுமானால், வெறும் வயிற்றுடன் அசையாமல் படுத்திருப்பவர் உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்தாக வேண்டும். எப்படியும் சூத்திரம்தான் என்றால், அந்தக் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம். எம்.சி. ரோட்டில் வாங்கிய இன்ச் டேப்பும் வீட்டு எடைக்கருவியும் அதற்குப் போதும்.

காலையில் கழிவறைக்குச் சென்று வந்த பின், டீ குடிப்பதற்கு முன் எடையைப் பாருங்கள். பிறகு இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதை ஒட்டி டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றை உள்ளே இழுத்தால் கணக்கு பொய்த்துவிடும். பேண்ட் அளவை இடுப்பளவாக எழுதிக்கொள்வதும் தவறு. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிய 34 அங்குலப் பேண்ட்டுக்கு மேல் இருக்கும் வயிறு எத்தனை அங்குலம் என்பதைத் தையற்காரர் ஒருவரே அறிவார்.

உயரத்தை இடுப்புச் சுற்றளவால் வகுத்து, 20 ஆல் பெருக்கி, வரும் எண்ணை ஆண்கள் 64 இலிருந்தும் பெண்கள் 76 இலிருந்தும் கழித்தால், தோராயமான கொழுப்பு விழுக்காடு கிடைக்கும். இது 2018 இல் அமெரிக்கர்களின் தரவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட சூத்திரம். ஒரே உயரமும் எடையும் கொண்ட மேலைநாட்டவரைவிட நம்மவர்க்குக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது வழக்கம் என்பதால், இந்தக் கொழுப்பு விழுக்காட்டைச் சற்றுக் கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். கொழுப்பின் எடையை மொத்த எடையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது கொழுப்பற்ற எடை. அதை 21.6 ஆல் பெருக்கி 370 ஐக் கூட்டினால், நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் உடல் செலவிடும் கலோரி வந்துவிடும்.

காசிமேட்டில் மீன் பெட்டி தூக்கும் ஒருவரையும், சவுகார்பேட்டைக் கடையொன்றில் கணக்கெழுதும் ஒருவரையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 40, உயரம் 168 செ.மீ., எடை 70 கிலோ. வயது, உயரம், எடை ஆகியவற்றை மட்டும் கேட்கும் மிஃப்லின் சூத்திரம் இருவருக்குமே 1,555 கலோரி என்று சொல்லும். டேப்பை எடுத்தால் கதை மாறுகிறது. பெட்டி தூக்குபவரின் இடுப்பு 76 செ.மீ.; கொழுப்பு ஏறக்குறைய 20 விழுக்காடு, கொழுப்பற்ற எடை 56 கிலோ, ஓய்வுச் செலவு 1,580 கலோரி. கணக்கெழுதுபவரின் இடுப்பு 98 செ.மீ.; கொழுப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு, கொழுப்பற்ற எடை 49 கிலோ, ஓய்வுச் செலவு 1,428 கலோரி. எடைக்கருவியில் ஒன்றாகத் தெரியும் இருவருக்கும் இடையே ஒரு நாளைக்கு 150 கலோரி வேறுபாடு இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறான முடிவுக்குத் தாவுகிறார்கள். ஒரு கிலோ தசை ஏறினால் நாளைக்கு நூறு கலோரி தானாக எரியும் என்று ஜிம் மாஸ்டர்கள் சொல்வதுண்டு, அது உண்மையன்று. ஓய்வில் ஒரு கிலோ தசை ஒரு நாளில் செலவிடுவது சுமார் 13 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு 4.5 கலோரி. ஆனால் கல்லீரல் கிலோவுக்கு 200, மூளை 240, இதயமும் சிறுநீரகங்களும் 440 கலோரி வரை செலவிடுகின்றன. உடல் எடையில் ஐந்தாறு விழுக்காடே இருக்கும் இந்த உறுப்புகள்தான் ஓய்வுச் செலவில் பாதிக்கு மேல் விழுங்குகின்றன. சூத்திரத்தில் உள்ள 21.6 என்பது, தசையையும் உறுப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து, வெவ்வேறு மனிதர்களை ஒப்பிட்டு வந்த சராசரி. ஒரே மனிதர் தசை ஏற்றும்போது அவருடைய கல்லீரலும் மூளையும் கூடவே வளர்வதில்லை. ஆகவே பாடுபட்டு 3 கிலோ தசை ஏற்றியவருக்குக் கிடைக்கும் கூடுதல் ஓய்வுச் செலவு 39 கலோரி, அதாவது ஓர் இட்லி அளவுதான். பளு தூக்குவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைவதைத் தடுக்க அதுவே நல்ல வழி.

அடுத்ததாக, கிடைத்த எண்ணை நாளின் உழைப்புக்கேற்பப் பெருக்க வேண்டும். உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு 1.4 முதல் 1.7 வரை, கடும் உடலுழைப்பாளிக்கு 2 அல்லது அதற்கு மேல். கணக்கெழுதுபவருக்கு 1.5 ஆல் பெருக்கினால் 2,142. பெட்டி தூக்குபவருக்கு 2 ஆல் பெருக்கினால் 3,160. வேறுபாடு ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதில் ஓய்வுச் செலவின் நேரடிப் பங்கு வெறும் 150. மற்றதெல்லாம் விடியற்காலை ஏலத்தில் பெட்டிகளோடு நடக்கும் நடையின் கணக்கு.

'நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும்' என்ற பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டாம். உடல் அளவையும் அமைவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயது முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறத்தாழ மாறாமல் இருப்பதை 2021 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது.

வந்த விடையை முதல் மதிப்பீடாக வைத்து, அந்த அளவுக்குச் சாப்பிட்டு, மூன்று வாரம் காலை எடையைக் குறித்து வாருங்கள். சராசரி ஏறிக்கொண்டே போனால் நூறு கலோரி குறைத்தும், இறங்கிக்கொண்டே போனால் நூறு கூட்டியும் திருத்துங்கள். கர்ப்பிணிகள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், சிறுநீரக நோயால் உடலில் நீர் கோத்தவர்கள் ஆகியோருக்கு இந்தச் சூத்திரங்கள் பொருந்தா. அவர்கள் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.